அக்டோபரில் வரும் இரண்டாவது குடும்பம்

ஏமாற்றுக்காரன் ஒருவனின் மகள் ஆபத்தில் மாட்டிக்கொள்கிற சஸ்பென்ஸ் நாவலை எழுத உட்காருகிறவர், அந்தப் பெண்ணுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று முதலில் யோசிக்க வேண்டாம். ஒரு கணக்கு நோட்டு வாங்குங்கள். தகப்பன் யாரிடம் எவ்வளவு வாங்கினான், என்ன சொல்லி வாங்கினான், வாங்கியது இப்போது எங்கே இருக்கிறது, எந்த மாதம் அவன் கை காலியாகும் என்று பைசா சுத்தமாக எழுதி முடியுங்கள். கை காலியாகும் மாதத்தில்தான் மகளுக்கு ஆபத்து தொடங்குகிறது. கணக்கு இல்லாமல் எழுதினால், இருட்டையும் மழையையும் வில்லனின் முரட்டுக் குரலையும் நம்பித்தான் பயம் காட்ட வேண்டியிருக்கும். மூன்றாவது அத்தியாயத்துக்குப் பிறகு வாசகர் அதற்கெல்லாம் பயப்பட மாட்டார்.

கதைக்களம் கன்னியாகுமரி மாவட்டம் என்று வைத்துக்கொள்வோம். என்ன மோசடி? இரிடியம் கலசம், அரிசியை இழுக்கும் செம்பு என்று பலருக்கும் சட்டென்று தோன்றும். இரிடியம் அரிசியை இழுக்காது. அரிசியில் இரும்புத்தூளைப் பூசி, பாத்திரத்துக்குள் காந்தத்தை மறைத்து வைத்துக் காட்டுகிற வித்தை அது. செய்தித்தாளில் படிக்க நன்றாக இருக்கும், நாவலுக்கு உதவாது. அதில் ஏமாறுகிறவரும் திடீர்ப் பணத்துக்கு ஆசைப்பட்டவர், அவருக்காக வாசகர் மனம் இளகாது. அதைவிட, அந்த மோசடியில் மகளுக்கு வேலையே இல்லை. மகளின் கையெழுத்து இல்லாமல் நடக்காத மோசடி ஒன்று வேண்டும்.

என் தேர்வு மறு அடகு. தெக்கத்தி ஊர்களில் எல்லாருக்கும் புரியும். தகப்பன் குறைந்த வட்டிக்கு நகைக்கடன் கொடுக்கிறான். வாங்கிய நகையைத் தன் பெட்டியில் வைத்துக்கொள்ளாமல் வங்கியிலும் நிதி நிறுவனத்திலும் கூடுதல் தொகைக்கு அடகு வைக்கிறான். இரண்டு தொகைக்கும் உள்ள வித்தியாசம் அவன் கையில்.

காலத்தை 2017 என்று வையுங்கள். அந்த ஆண்டு ஒரு பவுன், அதாவது 8 கிராம், சுமார் 22,000 ரூபாய். நகையின் மதிப்பில் 75 சதவீதம் வரை கடன் தரலாம் என்பது அப்போதைய ரிசர்வ் வங்கி வரம்பு. ஆக வங்கியில் பவுனுக்கு 16,500 கிடைக்கும். நம் ஆள் நகைக்குச் சொந்தக்காரருக்குக் கொடுப்பது பவுனுக்கு 10,000, நூற்றுக்கு மாதம் ஐம்பது பைசா வட்டி. இவ்வளவு குறைந்த வட்டி வெளியே எளிதில் கிடைக்காது, அதனால் கூட்டம் வருகிறது. 40 குடும்பம், ஆளுக்கு 10 பவுன், மொத்தம் 400 பவுன். ஜனங்களுக்குக் கொடுத்தது 40 லட்சம். வங்கிகளிலிருந்து எடுத்தது 66 லட்சம். கையில் நிற்பது 26 லட்சம்.

அதில் ஆள் பிடித்துக் கொடுத்த ஏஜென்டுக்குப் பவுனுக்கு 500 வீதம் 2 லட்சம் போகிறது. பழைய கடன் 8 லட்சம், கார் 5 லட்சம், முதல் இரண்டு மாத வட்டியும் வீட்டுச் செலவும் 1 லட்சம். ஜூலைக் கடைசியில் மீதி 10 லட்சம்.

ஜூலைக் கடைசி என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. குளச்சலிலும் முட்டத்திலும் படகுகள் கட்டிக் கிடக்கும். சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கரைக் கணக்கு, அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தடைக்காலம். வெளியூரிலிருந்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கே தவறுவார்கள். தடை விசைப்படகுக்குத்தான், நாட்டு வள்ளத்துக்கு இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. தடைக் காலத்தில் கடற்கரை வீடுகளின் நகை அடகுக்குப் போகும். ஆகஸ்டில் படகு கடலுக்குப் போய்க் காசு வரத் தொடங்கியதும் நகையைத் திருப்ப ஆள் வரும். உள்நாட்டுப் பக்கம் ஆவணியில் கல்யாணங்கள். ஆக, தகப்பனுக்கு ஜூனும் ஜூலையும் வரவு, ஆகஸ்டிலிருந்து செலவு.

இனி நோட்டைப் பாருங்கள். 10 பவுனைத் திருப்ப ஒரு குடும்பம் 1 லட்சத்தோடு வருகிறது. வங்கியில் அதே நகையை எடுக்க 1,65,000 கட்ட வேண்டும். துண்டு விழுவது 65,000. இது போக மாதாந்திர வட்டி: 66 லட்சத்துக்கு மாதம் ஒரு சதவீதம் என்றால் 66,000. ஜனங்களிடமிருந்து வரும் வட்டி 20,000. மாதம் 46,000 கையிலிருந்து ஒழுகுகிறது. நகைக்கடனுக்கு வட்டியை மாதாமாதம் கட்டித்தான் ஆக வேண்டும் என்று எல்லா இடத்திலும் கட்டாயம் இல்லை. ஆனாலும் இவன் தவறாமல் கட்டுகிறான். பாக்கி விழுந்தால் கடிதம் வீட்டுக்கு வரும், தபால்காரர் அதை மகளின் கையில் கொடுப்பார். அந்த ஒரு பயம்தான் அவனை ஒழுங்காகக் கட்ட வைக்கிறது.

ஆகஸ்டில் 6 குடும்பம் திருப்பினால் 3,90,000 துண்டு, 46,000 வட்டி. மீதி 5,64,000. செப்டம்பரில் இன்னொரு 6 குடும்பம். அதே 3,90,000, வட்டி வித்தியாசம் இப்போது 39,100. மீதி சுமார் 1,35,000. அக்டோபரில் வட்டிக்கு 32,200 போனால் கையில் 1 லட்சத்துச் சொச்சம். முதலில் வரும் குடும்பத்துக்கு 65,000 போட்டு நகையை எடுத்துக் கொடுத்துவிடலாம். இரண்டாவதாக வரும் குடும்பத்துக்கு முடியாது.

அக்டோபரில் வரும் அந்த இரண்டாவது குடும்பம்தான் நாவலின் நடு முதுகெலும்பு. வாசகருக்கு இந்தக் கணக்கு முழுவதையும் ஒரே இடத்தில் கொட்டக் கூடாது. 65,000 என்ற ஒரே எண்ணை மட்டும் ஐந்தாவது அத்தியாயத்துக்குள் மனதில் பதிய வையுங்கள். அதன் பிறகு கதவு தட்டப்படும் ஒவ்வொரு தடவையும் வாசகரே கழித்துப் பார்ப்பார்.

படித்த மாவட்டமாயிற்றே, இத்தனை பேர் எப்படி ஏமாறுவார்கள் என்ற கேள்வி வரும். வரத்தான் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு அதிகமுள்ள மாவட்டம் இது, 91 சதவீதத்துக்கு மேல். ஏமாறுகிறவர்களைப் பாமரர்களாக எழுதினால் கதை அங்கேயே பொய்யாகிவிடும். இங்கே ஏமாறுகிறவர் பள்ளிக்கூட ஆசிரியை, வளைகுடாவில் நர்ஸாக இருக்கும் பெண்ணின் தாய், படகில் பங்கு வைத்திருப்பவர். இவர்கள் காகிதத்தை வாசித்துப் பார்ப்பவர்கள். அதனால் தகப்பன் காகிதத்தைச் சுத்தமாகக் கொடுக்கிறான். மொத்த எடை, கல்லும் அரக்கும் கழித்த நிகர எடை, நகையின் விவரம், தேதி, கையெழுத்து எல்லாம் சரியாக இருக்கும். ஒரு பாட்டி பாம்படத்தைக் கொண்டு வந்தால், ‘உள்ளே அரக்கு இருக்கு, எடைக்கு ஏத்த பொன்னு இருக்காது, இத வைக்காதீங்க’ என்று திருப்பி அனுப்புகிறான். அந்தப் பாட்டி ஊர் முழுக்கச் சொல்வாள், அவன் நேர்மையானவன் என்று. வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய அந்த ஒரு பாம்படம் அவனுக்கு 100 பவுனைக் கொண்டு வரும்.

இப்போது மகள். வயது பத்தொன்பது. அவள் பெயரில் 60 பவுன், 6 குடும்பங்களின் நகை. ஏன் எல்லாம் ஒரே பெயரில் இல்லை? வங்கியல்லாத நிதி நிறுவனங்களில் ஒருவர் 20 கிராமுக்கு மேல் நகை வைத்தால், அது அவருடையதுதானா என்று சரிபார்த்துப் பதிவு செய்ய வேண்டும் என்பது 2013இல் வந்த விதி. ஒரே முகம் திரும்பத் திரும்ப வந்தால் கவுண்டரில் கேள்வி வரும். அதனால் மனைவி, மகள், மச்சினன், ஏஜென்டின் ஆட்கள் என்று பல பெயர், பல கிளை.

பல கையெழுத்துப் பிரதிகள் சறுக்குவது இந்த இடத்தில்தான். மகள் ஒன்றும் அறியாமல் கையெழுத்துப் போட்டாள் என்று எழுதிவிடுகிறார்கள். நகைக்கடனுக்கு ஆள் நேரில் போக வேண்டும். மதிப்பீட்டாளர் அவள் கண்முன்னே நகையை உரைகல்லில் தேய்ப்பார், கோட்டின் மேல் அமிலச் சொட்டு விடுவார். பித்தளைக் கோடு என்றால் கரைந்து மறையும், பொன் கோடு நிற்கும். எடை போட்டு, பையில் இட்டு, சீல் வைத்து, அதன் பிறகுதான் கையெழுத்து. அப்படி நாலு தடவை போனவளுக்கு ஒன்றும் தெரியாது என்றால் யார் நம்புவார்? ‘துபாயில இருக்கிற அத்தைக்க நகை, வீடு கட்டுகதுக்கு’ என்று தகப்பன் சொன்னான். அவள் நம்ப விரும்பினாள், மேலே கேட்கவில்லை. அந்தக் கேட்காத கேள்வி அவள் நெஞ்சில் கிடந்து உறுத்த வேண்டும். முழுக்க நிரபராதியான பெண்ணை வாசகர் வெறுமனே காப்பாற்ற நினைப்பார். கொஞ்சம் தெரிந்தும் கேளாமல் இருந்தவளோடு சேர்ந்து பயப்படுவார்.

வங்கி ரசீது அவள் பெயரில் இருப்பதால் அவள் போகாமல் அந்த 60 பவுன் வெளியே வராது. இந்த ஒரு விவரத்திலிருந்து மூன்று திசையில் ஆபத்து கிளம்புகிறது. நகைக்குச் சொந்தக்காரர்கள் வருவார்கள், அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஏஜென்ட் வருவான். அவன் கூலிக்கு ஆள் வைக்கும் ரவுடி இல்லை. சொந்த ஊரில் சொந்த முகத்தைக் காட்டி 6 குடும்பத்தின் நகையை வாங்கிக் கொடுத்தவன். ஊருக்குள் தலை காட்ட முடியாமல், படகுப் பங்கை விற்று 9,90,000 புரட்டிக்கொண்டு வருகிறான். அவள் வங்கிக்கு வந்து கையெழுத்துப் போட்டாக வேண்டும், அதுவரை அவள் அவனுக்கு உயிரோடு வேண்டும். நகை கைக்கு வந்த பிறகு, அவன் கமிஷன் வாங்கியதற்கு அவள்தான் சாட்சி. ஆக வங்கி வாசல் வரை அவளுக்குப் பாதுகாப்பு, வாசலை விட்டு இறங்கியதும் ஆபத்து. கடத்தல் காட்சி எழுதுகிறவர்கள் இந்தத் தர்க்கத்தை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்: ஆள் எதற்குத் தேவை, எந்த நிமிடம் வரை தேவை.

மூன்றாவது ஆபத்து தகப்பன். தலைமறைவான இடத்திலிருந்து போன் செய்து ‘ஒரே ஒரு கையெழுத்து மக்கா’ என்கிறான். அதைப் போட்டால் முதல் குற்றவாளி இடத்தில் அவள் நிற்பாள். மூன்றிலும் பெரியது இதுதான் என்று நினைக்கிறேன். இதைக் கடைசி மூன்றில் ஒரு பகுதிக்கு முன்னால் வாசகரிடம் வெளிப்படுத்த வேண்டாம்.

‘நேரே போலீசுக்குப் போக வேண்டியதுதானே?’ இதற்குப் பதில் இல்லாத சஸ்பென்ஸ் நாவல் நிற்காது. 2017 என்றால் இந்திய தண்டனைச் சட்டம். நம்பிக்கை மோசடிக்கு 406, மூன்றாண்டு வரை. ஏமாற்றுக்கு 420, ஏழாண்டு வரை. கூட்டுச்சதி 120பி. புகார் கொடுக்கப் போகும் மகளே ரசீதுப்படி உடந்தை. முன்ஜாமீனுக்கு நாகர்கோவில் செஷன்ஸ் நீதிமன்றம், அங்கே கிடைக்காவிட்டால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. கதையை 2024 ஜூலை 1க்குப் பிறகு வைத்தால் இந்த எண்கள் எல்லாம் மாறிவிடும், பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏமாற்றுக்குப் பிரிவு 318. பழைய எண்ணைப் பழக்கதோஷத்தில் எழுதிவிட்டு அச்சில் பார்த்து வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

சட்டத்தில் இன்னொரு வரி இந்தக் கதைக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 179: ஒரு பொருளில் வரம்புள்ள உரிமை மட்டும் உடையவர் அதை ஈடு வைத்தால், அந்த ஈடு அவருடைய உரிமையின் அளவுக்குத்தான் செல்லும். தகப்பனுக்கு அந்த 10 பவுனில் இருக்கும் உரிமை, தான் கொடுத்த 1 லட்சமும் அதன் வட்டியும். வங்கி கொடுத்தது 1,65,000. நடுவில் நிற்பது நாம் ஐந்தாம் அத்தியாயத்தில் நட்டு வைத்த அதே 65,000. ஒரு வக்கீல் இதை மகளுக்கு விளக்கும் காட்சி இரண்டு பக்கம் போதும். தான் தப்பிக்க மட்டுமல்ல, நகைக்காரர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது என்று அவளுக்கு முதல் தடவையாகத் தெரியும்.

இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1,700 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான மாவட்டத்தில் 2011லேயே 18 லட்சத்துக்கு மேல் மக்கள். இங்கே தனியாக இருப்பதே கஷ்டம். ஆளரவமற்ற சாலை, சிக்னல் கிடைக்காத போன் என்று எழுதினால் உள்ளூர் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். இங்கே பயம் எல்லாருக்கும் அவளைத் தெரியும் என்பதில் இருக்கிறது. நாஞ்சில் நாட்டுப் பக்கம் தெருவாக வீடுகள். கடற்கரை ஊரில் சுவரோடு சுவர் ஒட்டியிருக்கும், புதுமுகம் ஒன்று வந்தால் கடைசி வீடுவரை சேதி போய்விடும். விளவங்கோடு பக்கம் வேறு மாதிரி. ஒவ்வொரு வீடும் தனித்தனி விளைக்குள், சுற்றிலும் ரப்பரோ வாழையோ தென்னையோ. ஒரே பெண் ஒரே நாளில் இந்த மூன்று இடத்துக்கும் போனால் மூன்று விதமாகப் பயப்பட வேண்டும்.

ரப்பர் விளையில் இரவு முழுக்க வெறிச்சோடிக் கிடக்கும் என்று நினைக்காதீர்கள். விடியுமுன் பால்வெட்டுக்காரர்கள் நெற்றியில் விளக்கோடு வந்துவிடுவார்கள். அக்டோபர், பால் நன்றாக வரும் காலம். விடிகாலை நாலு மணிக்கு ஜன்னலில் நிற்கும் மகளுக்கு மரங்களுக்கிடையே ஒரு வெளிச்சம் தெரிகிறது. ஒரு மரத்தில் நிற்கிறது, நகர்கிறது, அடுத்த மரத்தில் நிற்கிறது. வெட்டுக்காரர்தான் என்று மூச்சு விடுகிறாள். இன்னொரு வெளிச்சம், எந்த மரத்திலும் நிற்காமல் நேரே வருகிறது. இதற்கு மேல் அங்கே ஒரு வார்த்தை வேண்டாம். சிரட்டையில் பால் சொட்டுகிற மாதிரி வாசகரே எண்ணிக்கொண்டிருப்பார்.

தப்பிக்கும் வழிகளை வரைபடத்தில் கோடு போட்டு வையுங்கள். மேற்கே களியக்காவிளை, வடகிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய், கிழக்கே அஞ்சுகிராமம் வழி கடற்கரைச் சாலை. இவை எல்லாருக்கும் தெரிந்தவை, ஏஜென்டும் அங்கேதான் நிற்பான். ஊரம்பு, பனச்சமூடு போன்ற எல்லை ஊர்கள் வழியாகவும் கேரளத்துக்குள் போகலாம். கடலோரமாக நீரோடி தாண்டினால் பொழியூர். மார்த்தாண்டத்தைக் கடக்கும் காட்சி இருந்தால் கவனம்: 2017இல் மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள், கீழே நெரிசல். பாலத்தின் மேல் கார் பறந்தது என்று எழுதிவிட்டால் போச்சு.

அந்த இரண்டாவது குடும்பம் வரும் காட்சிக்கு வருவோம். தகப்பன் நகைக்குப் பதிலாகக் கவரிங் செயினைச் செய்து, அதே பையில் போட்டு, மகளிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். மகள் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. தூத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த பெண்மணி திண்ணையில் உட்கார்ந்து பையைப் பிரிக்கிறாள். அவளுடைய மூன்று பவுன் செயின், 24 கிராம். இருபத்திரண்டு காரட் பொன்னின் அடர்த்தி செம்பைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. அதே நீளம், அதே பருமனில் செம்பில் செய்தால் 12 கிராம்தான் வரும். மினுமினுப்பு, கொக்கி, கண்ணிகள் எல்லாம் அச்சாக இருக்கின்றன. அவள் எதையும் பார்க்கவில்லை. உள்ளங்கையில் வைத்து இரண்டு தடவை மெல்ல உயர்த்துகிறாள். இருபது வருஷம் கழுத்தில் கிடந்த பாரம் கைக்குத் தெரியும்.

“இது எனக்க செயின் இல்ல மக்களே. உனக்க அப்பன் எங்க?”

“அப்பா வெளியூர் போயிருக்காவ, மாமி.”

இந்த இரண்டு வரிக்குள்தான் குமரித் தமிழின் பலம் முழுக்க இருக்கிறது. மூன்று பக்கம் கழித்து ‘மக்களே’ என்றவள் ‘ஏட்டி’ என்று கூப்பிட வேண்டும். மகள் அப்போதும் ‘போயிருக்காவ’ என்று மரியாதை விகுதியில்தான் தகப்பனைச் சொல்கிறாள். நாவலின் கடைசிப் பகுதியில், வக்கீலிடமோ அந்த மாமியிடமோ, ‘அவன் போயிட்டான்’ என்று அவள் வாயில் வரும் ஒரு தருணம் வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் விளக்கம் எழுதக் கூடாது. அவள் தகப்பனை எப்போது கைவிட்டாள் என்பது அந்த விகுதியிலேயே தெரிந்துவிடும். வட்டார வழக்கை எழுத்துக்கு எழுத்து ஒலிபெயர்க்க வேண்டியதில்லை. எனக்க, உனக்க, -ஆவ விகுதி, விளிச்சொற்கள், இவ்வளவு சரியாக விழுந்தால் காதில் ஊர் கேட்டுவிடும்.

தகப்பனைக் கடைசியில் திருத்திவிடாதீர்கள். மகளைக் கட்டிக்கொண்டு அழுது தன்னை ஒப்படைத்துவிட்டால், அதுவரை நோட்டில் எழுதிய கணக்கெல்லாம் வீண். அவன் அன்பு உண்மையாகவே இருக்கலாம். அந்த அன்போடுதான் அவளை மாட்டிவிடுகிறான் என்பதை எழுதுவது கடினம், ஆனாலும் எழுத வேண்டியது அதைத்தான். வங்கி ஏலத்தையும் உள்ளே இழுக்க வேண்டாம். ஓராண்டுக் கடனில் நாலைந்து மாதத்துக்குள் நகை ஏலத்துக்கு வராது. அக்டோபரோடு வட்டி நின்றதால், நவம்பரில் மகள் கைக்கு முதல் கடிதம் வருகிறது. ஏலத்தைவிட அந்தக் கடிதம் அதிகம் பயமுறுத்தும்.

முடிக்க வேண்டிய நாள் பற்றி எனக்கு உறுதியான எண்ணம் உண்டு. 2017 நவம்பர் 30 அன்று ஓக்கி புயல் மாவட்டத்தை அடித்தது. கடலுக்குப் போன பலர் திரும்பவில்லை, பல வீடுகளுக்கு உடல்கூட வந்து சேரவில்லை. அந்தப் புயலை ஒரு துரத்தல் காட்சிக்குக் காற்றாகவும் மழையாகவும் பயன்படுத்துவது தவறு. நாவல் 29ஆம் தேதி மாலையோடு நின்றுவிடட்டும். கோட்டாற்றில் சவேரியார் திருவிழா நடந்துகொண்டிருக்கிறது. மகள் வக்கீலோடு போய் வாக்குமூலம் கொடுத்துவிட்டாள். மாமியின் செயின் எந்தக் கிளையில், எந்த எண்ணுள்ள பையில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, பஸ் ஏறி தூத்தூருக்குப் போய் அவள் கையில் கொடுக்கிறாள். மாமி தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொள்கிறாள். “எனக்க மாப்பிள கடலுக்குப் போயிருக்காரு. வந்த உடனே வாறோம்” என்கிறாள்.